அக்டோபரில் அப்பாவுக்கு எந்த அருவி?

ஆதம்பாக்கத்தாள்:
அப்பாவுக்கு 71 வயது. தென்காசிக்காரர், ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்தருவியில் குளித்து வளர்ந்த மனுஷன். வேறு எந்த அருவியைக் காட்டினாலும் "தண்ணி பத்தாது" என்பார். அவரை உலகத்தின் பெரிய அருவி ஒன்றுக்குக் கூட்டிப்போக ஆசை. எனக்கு விடுப்பு கிடைப்பது ஆயுத பூஜையை ஒட்டி அக்டோபரில்தான். மனசில் இருப்பது விக்டோரியா. தங்கை நியூஜெர்சியில் இருக்கிறாள், அப்பாவிடம் அமெரிக்க விசாவும் இருக்கிறது. ஆனால் நயாகரா எல்லோரும் போகிற இடமாயிற்றே என்று தயக்கம். அப்பாவுக்கு முட்டிவலி உண்டு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சாரல்பித்து:
மேடம், முதலில் மாதத்தைப் பாருங்கள், அப்புறம் அருவியை. குற்றாலத்துக்கு யாராவது மார்ச்சில் போவார்களா?

விக்டோரியா 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். படத்தில் பார்க்கும் அந்தத் தண்ணீர் ஏப்ரல் வாக்கில் வருவது. அக்டோபர், நவம்பரில் ஜாம்பேசி ஆறு வற்றிக் கிடக்கும். ஜாம்பியா பக்கம் நின்றால் பெரும்பாலும் கரும்பாறைதான் தெரியும். ஜிம்பாப்வே பக்கம் எப்போதும் கொஞ்சம் விழும், ஆனால் உங்கள் அப்பாவுக்கு அது போதுமா? ஏப்ரலிலும் ஒரு சிக்கல்: சாரல் புகை மாதிரி எழும்பி அருவியையே மறைத்துவிடும். ஜூன், ஜூலை சரியான காலம். உங்களுக்கு லீவு இல்லை, அதனால் விட்டுவிடுங்கள்.

நயாகராவை லேசாக நினைக்காதீர்கள். அங்கே விழும் தண்ணீருக்கு அமெரிக்காவும் கனடாவும் 1950-ல் ஒப்பந்தமே போட்டிருக்கின்றன. மேலேயே தண்ணீரைத் திருப்பி மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனாலும் சுற்றுலா சீசனில் பகல் நேரத்தில் விநாடிக்கு 1,00,000 கன அடிக்குக் குறையாமல் அருவியில் விட்டாக வேண்டும். மற்ற நேரத்தில் அதில் பாதி போதும். அந்தப் பகல் கணக்கு அக்டோபர் 31 வரை உண்டு. நம் பக்கத்தில் பாசனத்துக்குத் திறப்பது போல மதகு வைத்து அளந்து விட்ட தண்ணீர். இதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்!

போரூர் அக்கா:
இகுவாசுவும் அக்டோபருக்குச் சரிதான். சுமார் 275 அருவிகள், 2.7 கிலோமீட்டருக்கு வரிசையாக விழும். ஆனால் பிரேசில், அர்ஜென்டினா என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 வயது தாண்டியவர்களுக்கு அந்த ஊசியால் ஆபத்து கொஞ்சம் கூடுதல், டாக்டரிடம் கேட்காமல் போட்டுவிடாதீர்கள்.

ரயிலடி:
ஆகஸ்டில் கர்நாடகாவில இருக்கிற ஜோக் அருவிக்குப் போங்க, செலவும் மிச்சம். லிங்கனமக்கி அணையில தண்ணி திறந்தா உங்க அப்பா வாயே திறக்க மாட்டார். திறக்கலைன்னா நான் பொறுப்பில்லை.

ஆதம்பாக்கத்தாள்:
ஊசி விஷயம் தெரியாது, நன்றி அக்கா. அப்பாவுக்கு சுகர் வேறு, அதனால் இகுவாசு வேண்டாம். சாரல்பித்து சார், நயாகராவில் அமெரிக்கப் பக்கம் மட்டும் போனால் போதுமா?

சாரல்பித்து:
முழு அருவியும் நேருக்கு நேர் தெரிவது கனடா பக்கம்தான். அதற்குத் தனி விசா. அமெரிக்க விசா மல்டிபிள் என்ட்ரியா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் தங்கை வீட்டுக்குத் திரும்புவதில் சிக்கல் வரலாம். அதெல்லாம் அலைச்சல் என்று தோன்றினால் அமெரிக்கப் பக்கமே போதும். மெயிட் ஆஃப் த மிஸ்ட் படகு நயாகராவின் பெரிய பகுதியான குதிரைலாட அருவிக்குக் கீழேயே கொண்டுபோகும், அக்டோபரிலும் ஓடும். கேவ் ஆஃப் த விண்ட்ஸில் லிஃப்டில் இறங்கி மரப்பாலத்தில் நடக்க வேண்டும். கடைசி மேடைக்குப் படி உண்டு. முட்டிக்காரர் கீழ்ப் பாலத்திலேயே நிற்கட்டும், அங்கேயே நன்றாக நனையலாம். சோப்பு மட்டும் எடுத்துப்போக விடாதீர்கள்.