சாடியில குட்டி பேசில்: வளர்த்தவங்க, சாகடிச்சவங்க எல்லாரும் சொல்லுங்க

மட்டக்களப்பு கல்லடியில இருந்து:

மாசி மாசம் கனடாவில இருந்து வந்த மச்சாள் ஒரு விதைப் பைக்கட் தந்தவ. 'ஸ்பைசி குளோப்' பேசில் எண்டு போட்டிருந்திச்சு, சாப்பாட்டுக்குப் போடுற வாசனை இலை. குட்டிக் குட்டி இலை, பந்து மாதிரி உருண்டு நிக்கும், ஒரு அடிக்குள்ளதான் வளரும் எண்டா. வளவு இல்லாத எனக்குப் படிக்கட்டில வைக்கத் தோதான செடி.

முளைக்க வைக்கிறது ஒரு வேலையே இல்ல. மண்ணுக்கு மேல தூவி, தேங்காய்த் தும்புத்தூளை மெல்லிசாப் போட்டன். ஆறாம் நாள் பச்சை தெரிஞ்சுது. வில்லங்கம் எங்கட பெத்தாவாலதான் வந்தது. இலையை மணந்து பாத்திட்டு "இது துளசி, புள்ள" எண்டுட்டா. ரெண்டும் ஒரே குடும்பம்தான், முழுப்பிழை எண்டும் சொல்லேலாது. அண்டையில இருந்து காலமை குளிச்சிட்டு ஒரு செம்புத் தண்ணி, பின்னேரம் விளக்கு வைக்கக்குள்ள இன்னொரு செம்பு. நுனி கிள்ளப் போனா "பொழுதுபட்டாப் பிறகு கை வைக்காத" எண்டு பேச்சு. நான் வேலையால வாறதே பொழுதுபட்டாப் பிறகுதான்!

முழுப் பழியையும் பெத்தாவில போடவும் மாட்டன். பிளாஸ்டிக் சாடிக்கு அடியில ஓட்டை போடாம நட்டது நான். மூணு கிழமையில அடித்தண்டு கறுத்து, நாலில மூணு சரிஞ்சு போச்சு. பெத்தா நாவூறு எண்டா. கவிட்டுப் பாத்தா வேரெல்லாம் பழுப்பு, சேத்து மணம்.

மிஞ்சின ஒண்டைச் சின்ன மண்சாடிக்கு மாத்தினன். பெத்தாவுக்கு அசல் துளசி ஒண்டு வாங்கி வாசல்ல வைச்சுக் குடுத்தன். செம்பு அங்கால போயிட்டுது. இப்ப விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாத்து, மேல்மண் காஞ்சிருந்தாத்தான் தண்ணி. கச்சான் காத்து வீசத் தொடங்கினாப் பிறகு அந்தக் கணக்கும் சரிவரல்ல. மண்சாடி மத்தியானத்துக்குள்ள காஞ்சு, இலை தொங்கிப் போகுது. அப்பிடிக் காத்து வீசுற நாளில காலமையும் பின்னேரமும் ஊத்தத்தான் வேணும்.

நுனியை இப்ப காலமையில கிள்ளுறன். இலைச்சோடிக்கு மேல கிள்ளினா அந்த இடத்தில ரெண்டு கொப்பு வெடிக்கும்.

காத்தான்குடியில இருந்து:

எங்கட வீட்டில பேசில் வந்தது சர்பத்தால. நோன்புக்கு ஊறப்போட்ட கசகசா மிச்சத்தை உம்மா கிணத்தடியில ஊத்திவிட்டா, பத்து நாளில ஒரு கூட்டமே முளைச்சு நிண்டுது. நாங்க சர்பத்திலயும் பலூடாவிலயும் போடுற கசகசா பேசில் விதைதானே. இந்தியாவில அதைச் சப்ஜா எண்டுவாங்க. அங்க கசகசா எண்டு கேட்டா வேற சாமான் வரும்.

ஆனா அது குட்டிச்செடி இல்ல, முழங்காலுக்கு மேல வளரும். நான் விட்ட பிழை, குட்டிப் பேசில் சாடியை அதுக்குப் பக்கத்தில வைச்சு, ரெண்டையும் பூக்க விட்டது. தேனீ சும்மா இருக்குமா? அந்தக் குட்டிச்செடி விதையைத் திரும்பப் போட்டா, பாதி நெட்டைக்கொக்கா வந்திச்சு, இலையும் பெரிசு. குட்டியாவே வேணுமெண்டா விதையை நம்பாதீங்க, பூ மொட்டுக் கண்ட உடனே கிள்ளுங்க. பூத்தா இலையும் குறையும்.

மறுகா ஒண்டு. பறிச்ச இலையைப் பிரிட்ஜில வைச்சு வாப்பாட்ட ஏச்சு வாங்கினன். அடுத்த நாள் கறுத்துப் போய்க் கிடந்திச்சு. பறிச்ச கையோட முட்டைப் பொரியல்ல போடுறதுதான் சரி.

அக்கரைப்பற்றில இருந்து:

எனக்கு இலை ஓரமெல்லாம் கருகிக்கொண்டே வந்திச்சு. பூச்சி எண்டு நினைச்சு வேப்பெண்ணெய் அடிச்சு ஒரு மாசம் வீணாப் போச்சு. கடைசியில பாத்தா, கோடையில எங்கட கிணத்துத் தண்ணி கரிக்குது, தும்புத்தூளிலயும் உப்பு. தூளை நல்ல தண்ணியில மூணு தரம் அலசிப் பிழிஞ்சு, மணலும் மாட்டெருவும் கலந்து நட்ட பிறகு வந்த இலை சுத்தம்.

மாரிதான் இன்னும் எனக்குப் பிடிபடல்ல. கார்த்திகை, மார்கழி அடைமழையில முத்தத்துச் சாடி ரெண்டும் அழுகிப் போச்சு. தப்பினது, குசினி ஜன்னலில ஜாம் போத்தல்ல போட்டிருந்த கொப்புகள். நாலு விரல் நீளம் வெட்டி, கீழ் இலையைக் கழட்டித் தண்ணியில வைச்சன். பத்து நாளில வெள்ளை வேர். கொப்பில வந்தது தாயைப் போலவே குட்டியா நிக்கும், கலப்புப் பயமும் இல்ல.

திரும்பக் கல்லடி:

ஜாம் போத்தல் கதையை வாசிச்சிட்டு நானும் நாலு கொப்பு வெட்டி வைச்சன். காலமை பாத்தா, போத்தலுக்குப் பக்கத்தில ஒரு நந்தியாவட்டைப் பூ.