வசனத்துக்கு நாமே பொருள் சொல்லலாமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பழைய கதவு:

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த மத்தியானம் இது நடந்தது. நாங்கள் காரைக்குடியில் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். சித்தப்பா மட்டும் 20 வருஷத்துக்கு முன்னால் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். பூசைக்கு வரவில்லை, சாப்பாட்டுக்கு வந்தார். அதுவே பெரிசு.

இலை எடுத்ததும் ஆரம்பித்தார். "செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணச் சொல்லி வசனத்துல எங்கப்பா இருக்கு?"

மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம் என்றேன். போரில் செத்த வீரர்களின் பாவத்துக்காக யூதா காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிற இடம். சித்தப்பா தன் பைபிளை எடுத்தார். ஜிப் வைத்த கறுப்பு ரெக்சின் உறை, ஓரமெல்லாம் சிவப்பிலும் நீலத்திலும் பால்பாயிண்ட் எழுத்து, அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். அதில் மக்கபேயரே கிடையாது. எங்களுடையதில் 73 புத்தகம், அவருடையதில் 66.

"அது இருக்கட்டும். வசனத்துக்கு நீயா அர்த்தம் சொல்லக்கூடாது. 2 பேதுரு 1:20 வாசி" என்றார்.

வாசித்தேன். எந்தத் தீர்க்கதரிசனமும் "சுயதோற்றமான பொருளையுடையதாயிராது" என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சாமியார்களும் இதே வசனத்தைத்தான் சபைக்காரர்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்! எதிராளிக்குத்தான் சுயமான பொருள், தனக்கு என்றால் அது வசனத்தின் பொருள்.

மறுவாரம் பங்குச்சாமியிடம் கேட்டேன். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது 'எபிலூசிஸ்' என்ற சொல்லாம். முடிச்சை அவிழ்ப்பது, விளக்குவது என்று பொருள். "யாருடைய விளக்கம்? படிக்கிறவனுடையதா, தீர்க்கதரிசி தானாகச் சொன்னதா? ரெண்டு விதமாவும் எடுத்திருக்காங்க. அடுத்த வசனத்தைச் சேர்த்துப் படிச்சா ரெண்டாவதுக்குத்தான் பலம் ஜாஸ்தி" என்றார். தீர்க்கதரிசனம் மனுஷருடைய சித்தத்தினால் உண்டாகவில்லை என்றுதான் 21ஆம் வசனம் போகிறது. ஆக, நீயாகப் பொருள் சொல்லாதே என்று நாம் எடுத்துக்காட்டுகிற வசனத்துக்கே பொருள் ஒன்றில்லை. அப்புறம் அவரே, "அதுக்காக இஷ்டத்துக்குப் படிக்கலாம்னு இல்ல. அதே நிருபம் 3:16ஐயும் பாருங்க" என்றார். பவுலின் கடிதங்களில் புரியக் கடினமானவை இருக்கின்றன, கல்லாதவர்கள் அவற்றைப் புரட்டிக் கெட்டுப்போகிறார்கள் என்கிறது அது.

கல்லாதவர்கள் என்றதும் அம்மா நினைவு வந்தது. அவருக்குச் சிறுவயதில் பூசை லத்தீனில். பைபிளை யாரும் கையில் கொடுக்கவில்லை. வேதத்தை விசுவாசிகள் எல்லாருக்கும் விரியத் திறந்து வைக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1965இல். அதற்குள் அம்மா ஒரு செட்டியார் வீட்டில் கூட்டிப் பெருக்கப் போய்விட்டார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. காலை ஐந்தரைக்குத் துடைப்பத்தை எடுத்தால் முடிக்க எட்டாகும்.

லூக்கா 15இல் பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள் அல்லவா? கிடைத்ததும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறாள். அந்தக் காசு மனம் திரும்பும் பாவி என்றுதான் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அம்மா சொன்னது வேறு: "காசு காணாப்போனா பழி யாரு மேல விழும்? கூட்டுறவ மேலதான். அவ ஏன் ஊரையே கூப்புட்டுக் காட்டுறா? நான் எடுக்கலைன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான்."

கதையில் அவள் வேலைக்காரி இல்லை, காசே அவளுடையதுதான் என்று நான் சொன்னேன். "இருக்கட்டும், எனக்கு அப்படித்தான் கேக்குது" என்றார். சித்தப்பாவும் அன்று கூட இருந்தார். தலையை ஆட்டிக்கொண்டு, "மதினி, அது வசனத்துல இல்ல" என்றார்.

உங்களுக்கு இப்படி ஏதாவது?

தேவகோட்டை ரஸ்தா:

உங்கள் அம்மா சொன்னது அழகு. எங்கள் வீட்டில் சுயமாகப் படித்ததற்குக் கொடுத்த விலை இரண்டு கால்விரல். அத்தானுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. ஏசாயா 53:5, "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்". குணமாவோம் என்று இல்லை, குணமாகிறோம் என்று இருக்கிறது, ஆகவே ஆயிற்று என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானே உட்கார்ந்து, வினைச்சொல்லின் காலம் வரை பார்த்துக் கண்டுபிடித்தது! அக்கா அழுதாலும், "விசுவாசம் இல்லாம பேசாதே" என்பார். செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. மதுரைக்குக் கொண்டுபோகும்போது விரல் கறுத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அவருடைய பாஸ்டரே வந்தார். கோபம் அவருக்கு. "லூக்காவுக்கு வைத்தியன்னு பேர் போட்டிருக்கே, அதை ஏன் படிக்கலை? வயித்துக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கன்னு பவுல் தீமோத்தேயுக்கு எழுதினாரே, அப்ப பவுலுக்கு விசுவாசம் இல்லையா?" அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்போது மாத்திரை போடுகிறார். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பயம்தான் அதிகம்.

பள்ளத்தூர் ஆச்சி:

நாங்கள் நகரத்தார். எங்கள் ஆண்பிள்ளைகள் உபதேசம் கேட்பது பாதரக்குடி மடத்தில், பெண்கள் துலாவூர் மடத்தில். கேட்டதை வெளியில் சொல்லவே கூடாது, பொருள் பேசுவது எங்கே? இதைச் சொல்லித்தான் எங்கள் ஐயா (தாத்தா) எங்களை வளர்த்தார்கள். திருமுறையை ஓத வேண்டும், உரை சொல்லக்கூடாது என்பார்கள்.

எனக்கு 19 வயதில் வீட்டில் திருவாசகம் முற்றோதல். 51 பதிகமும் முடிய இருட்டிவிடும். முதல் பதிகமான சிவபுராணத்தின் கடைசியில் "சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்" என்று வருகிறதே, அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. முடிந்து எல்லாரும் விழுந்து கும்பிட்ட பிறகு மெதுவாகக் கேட்டேன். "ஐயா, பொருள் உணர்ந்து சொல்றவங்கதான் சிவபுரம் போவாங்கன்னு இருக்கே, நாம உணரலையே?"

அப்பச்சி (அப்பா) என்னை முறைத்தார்கள். ஐயா கோபப்படவில்லை. தில்லைக் கதையைச் சொன்னார்கள். பாட்டுக்குப் பொருள் கேட்டவர்களைச் சபைக்குள் கூட்டிப்போய், கூத்தனைக் காட்டி, இவனே பொருள் என்று மணிவாசகர் உள்ளே கலந்துவிட்டார் என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கேள்விக்கு அது பதிலா, கேள்வியை மூடும் வழியா என்று இப்போது 60 தாண்டியும் எனக்குத் தெரியவில்லை. நான் உரை வாங்கிப் படித்துவிட்டேன். ஐயா இருக்கும்வரை அது பீரோவில் சேலைக்கு அடியில் இருந்தது.

செஞ்சை:

வேதம் அளவுக்கு எனக்குப் போகத் தெரியாது, கம்பனில் சொல்கிறேன். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் நம் ஊர். வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று நான் கேட்ட பட்டிமன்றங்களுக்குக் கணக்கில்லை. நடுவர் தீர்ப்புச் சொல்வார், கைதட்டுவோம், இன்னொரு வருஷம் அதே வாலி மறுபடி விழுவான். யாருக்கும் விரல் போகவில்லை. (ரஸ்தாக்காரர் மன்னிக்கவும்.)

தேவகோட்டை ரஸ்தா:

மன்னித்தேன். ஆனால் கம்பனைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்துவதில்லை, அங்கேதான் வித்தியாசம்.

பழைய கதவு:

உங்கள் அத்தான் கதையைப் படித்த பிறகு சித்தப்பா மேல் கோபம் கொஞ்சம் குறைந்தது. அவரும் இப்படி எதையோ பார்த்துத்தான் பயப்படுகிறாரோ என்னவோ. பள்ளத்தூர் ஆச்சிக்கு: அம்மா கேட்டிருந்தால் உங்கள் கட்சிதான்.

நேற்று சித்தப்பா வீட்டுக்குப் போனேன். முப்பதாம் நாளன்று சாப்பாடு கொடுத்துவிட்ட டிபன் கேரியரை வாங்க வேண்டியிருந்தது. சித்தி அதைக் கழுவிக்கொண்டிருந்தார். சித்தப்பா குளிக்கப் போயிருந்தார். பைபிள் ஊஞ்சலில் விரித்தபடி கிடந்தது. அடுத்தவர் பைபிளை எடுத்துப் பார்ப்பது மரியாதை இல்லைதான், பார்த்துவிட்டேன். லூக்கா 15, எட்டாம் வசனத்துக்கு நேரே, நீல மையில், சின்ன எழுத்தில்: "மதினி".