ஸ்கஸி ஸ்கானரை இப்போதைய கொம்பியூட்டரோடு கொழுவ வழி இருக்கா?

மல்லாவிப் பெடியன்:

எல்லாருக்கும் வணக்கம். மல்லாவியில் போட்டோகொப்பி, ஸ்கானிங், லாமினேற்றிங் செய்கிற சின்னக் கடை என்னுடையது. கனடாவில் இருக்கிற மாமா ஸ்டூடியோவை மூடிவிட்டுக் கப்பலில் அனுப்பின சாமான்களோடு யூமாக்ஸ் அஸ்ட்ரா 1220எஸ் ஸ்கானர் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது, நெகட்டிவ் ஸ்கான் பண்ணுகிற மூடியும் கூட இருக்கிறது. ஆனால் இதில் யூஎஸ்பி இல்லை, ஸ்கஸி (SCSI) என்கிற பழைய காலத்து இணைப்பு மட்டும்தான். கடைக் கொம்பியூட்டர் விண்டோஸ் 10, 64 பிட், போர்டில் கார்ட் செருக பிசிஐ எக்ஸ்பிரஸ் சொக்கெட் மட்டும், பழைய பிசிஐ இல்லை.

உதை விட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று சொல்ல முதல் இதையும் கேளுங்கள். என்னிடம் இருக்கிற மெல்லிய யூஎஸ்பி ஸ்கானரில் தட்டையான தாள் மட்டும்தான் ஒழுங்காக வரும். எங்கடை பக்கத்தில் ஆட்கள் கொண்டுவருகிற படங்கள் அப்படியானவை இல்லை. பொலித்தீனில் சுற்றித் தாட்டு வைத்துப் பிறகு கிண்டி எடுத்தது, நனைந்து காய்ந்து சுருண்டது, பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்க் கழற்ற முடியாதது என்றுதான் வரும். கண்ணாடியோடு வைத்து எடுத்தால் முகமெல்லாம் புகைபிடித்த மாதிரி வருகிறது. மாமா சொல்கிறார் பழைய ஸ்கானர் அதைத் தெளிவாக எடுக்கும் என்று. உண்மையா?

ஸ்கானரோடு இரண்டு பக்கமும் 25 பின் உள்ள கேபிள் ஒன்று வந்தது. கடையின் மூலையில் கிடக்கிற பழைய கொம்பியூட்டரின் பிரிண்டர் போர்ட்டுக்கு அது அச்சொட்டாகப் பொருந்தும் போல இருக்கிறது. அதில் கொழுவிப் பார்க்கலாமா? அல்லது யூஎஸ்பியில் இருந்து ஸ்கஸிக்கு மாற்றுகிற வயர் ஏதாவது இருக்கா? யூடியூப்பில் புளூஸ்கஸி என்று ஒரு போர்டைக் காட்டுகிறார்கள், அது சரிவருமா?

வவுனியா வயர்க்காரன்:

தம்பி, பிரிண்டர் போர்ட்டில் கொழுவ வேண்டாம். முதலில் அந்த கேபிளைக் கையில் இருந்து கீழே வையுங்கள்.

இரண்டும் 25 பின்தான், வடிவமும் ஒன்றுதான், உள்ளே ஓடுவது வேறு. பிரிண்டர் போர்ட்டில் 18 முதல் 25 வரைக்கும் எல்லாம் கிரவுண்ட். ஸ்கஸியின் 25 பின் போர்ட்டில் கடைசிப் பின்னில், அதாவது 25ஆவதில், டெர்மினேட்டருக்கான (வயரின் அந்தத்தில் சிக்னல் திரும்பி அடிக்காமல் தடுக்கிற பகுதி) 5 வோல்ட் வரும். அந்த 5 வோல்ட்டைக் கிரவுண்டில் கொண்டுபோய் முட்ட வைத்தால் ஃபியூஸ் போவதோடு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். உள்ளே இருக்கிற சிப்பைப் பாதுகாக்க வேறு ஒன்றும் நடுவில் இல்லை. ஸிப் (Zip) டிஸ்க் டிரைவ் காலத்தில் இதே குழப்பம் இருந்தது, அதைச் செய்த ஐயோமெகா கொம்பனி பிரிண்டர் போர்ட்டுக்கு ஒரு மாடலும் ஸ்கஸிக்கு ஒரு மாடலும் விட்டது, இரண்டிலும் 25 பின்.

அடுத்தது கரண்ட். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. ஸ்கானரின் பின்பக்க லேபிளைப் பாருங்கள். 100-240 என்று இருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 120 மட்டும் என்றால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் சுவிட்சைத் தொடவே கூடாது. அப்படியே திருப்பி அடியிலும் பாருங்கள், கப்பலில் வந்த சாமான் என்பதால் விளக்கு ஓடாமல் லொக் பண்ணியிருப்பார்கள். அதைக் கழற்றாமல் ஓன் பண்ணினால் மோட்டர் கறகறவென்று கத்தும், பிறகு பல்லுச் சில்லு போய்விடும்.

சும்மா ஒரு கருத்து:

இவ்வளவு மினக்கெட வேண்டுமா? இப்போது போன் கமராவே 50 மெகாபிக்சல். படத்தை மேசையில் வைத்து எடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

கிளிநொச்சி அக்கா:

போனில் எடுக்கலாம்தான், தட்டையான, மினுங்காத படம் என்றால். கண்ணாடியோடு ஒட்டின படத்தை எடுத்துப் பாருங்கள், ரியூப் லைட்டும் யன்னலும் உங்கள் கையும் சேர்ந்துதான் வரும்.

தம்பி, உங்கள் மாமா சொன்னது சரி. மெல்லிய ஸ்கானர்களில் இருப்பது சிஐஎஸ் சென்சர், அது கண்ணாடித் தட்டோடு முட்டிக்கொண்டு நிற்கிறதை மட்டும்தான் கூராகப் பார்க்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கிவிடும், பிரேம் கண்ணாடியின் தடிப்பே அவ்வளவு. அஸ்ட்ரா மாதிரியான பழைய தடித்த ஸ்கானர்களில் சிசிடி சென்சர், உள்ளே முகம் பார்க்கிற கண்ணாடிகளும் லென்சும் இருக்கின்றன, ஆழம் கூடப் பிடிக்கும். நான் இப்படி ஒட்டின படங்களைக் கண்ணாடியோடேயே வைத்து ஸ்கான் பண்ணுகிறேன், சேலையின் கரை தெரிகிற அளவுக்கு வருகிறது. யார் கேட்டாலும் தண்ணீரில் ஊறப்போட்டு உரிக்க மட்டும் வெளிக்கிட வேண்டாம், பூஞ்சணம் பிடித்த படத்தின் முகம் கண்ணாடியோடேயே நின்றுவிடும். ஆகவே அந்த ஸ்கானருக்காக மினக்கெடுவது வீண் இல்லை.

பிசிஐ பிரியன்:

இனி கொழுவுகிற கதைக்கு வருவோம். நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது: புதுக் கொம்பியூட்டரை மறந்துவிடுங்கள். யூஎஸ்பி-ஸ்கஸி வயர்கள் ஒருகாலம் வந்தன, அடாப்டெக்கின் யூஎஸ்பிஎக்ஸ்சேஞ்ச், ராட்டொக் கொம்பனியின் ஒன்று என்று. இப்போது பாவித்ததாகத்தான் கிடைக்கும், விலை ஸ்கானரை விடக் கூட, அடாப்டெக்கினதுக்கு 64 பிட் விண்டோஸ் டிரைவரும் இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்கஸி கார்ட்டும் இருக்கிறது, அடாப்டெக் 29320எல்பிஇ மாதிரி. அதுவும் சேர்வர்களுக்குச் செய்த சாமான், அதே விலைக் கதை. பிசிஐ எக்ஸ்பிரசை பிசிஐ ஆக்குகிற மலிவு அடாப்டர்களில் ஏஎஸ்எம்1083 சிப் வந்தால் லினக்சில் இன்டரப்ட் பிரச்சினை தரும், அதற்குள் போக வேண்டாம்.

புளூஸ்கஸி நீங்கள் நினைக்கிறதுக்கு எதிர்ப்பக்க வேலை செய்வது. பழைய கொம்பியூட்டரில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் எஸ்டி கார்ட்டை டிஸ்க் மாதிரி நடிக்க வைக்கிற போர்டு அது. அதன் இரண்டாம் பதிப்பில் பழைய ஸ்கஸி டிஸ்க்கை எஸ்டி கார்ட்டுக்குப் பிரதி எடுக்கவும் முடியும், ஆனால் ஸ்கானரை ஓட்டாது.

மூலையில் கிடக்கிற பெட்டியில் என்ன மதர்போர்டு? ஜி31, ஜி41 காலத்து கோர் 2 டுவோ என்றால் அனேகமாக பிசிஐ சொக்கெட் இருக்கும். அதற்கு அடாப்டெக் 2940 ஸ்கஸி கார்ட் ஒன்று தேடுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கேட்டால் சிரிப்பார்கள், பழைய சேர்வர் உடைக்கிற ஆட்களிடம் கேட்பதுதான் வழி. விண்டோஸ் 10இல் இந்தக் கார்ட்டோடு மல்லுக்கட்டவே வேண்டாம், லினக்ஸ் போடுங்கள். இந்தக் கார்ட்டுக்கான ஏஐசி7எக்ஸ்எக்ஸ்எக்ஸ் டிரைவர் லினக்சின் கேர்னலிலேயே இருக்கிறது, கார்ட்டைத் தானே பிடிக்கும். லினக்சில் ஸ்கானர்களை ஓட்டுகிற சேன் (SANE) மென்பொருளின் யூமாக்ஸ் பகுதி உங்கள் 1220எஸ்ஸை ஓட்டும். ஸ்கான் பண்ணின படத்தை நெட்வேர்க் வயரால் கடைக் கொம்பியூட்டருக்கு அனுப்பிவிட்டு மிச்ச வேலையை விண்டோசில் செய்யுங்கள்.

கார்ட்டை விடக் கேபிள்தான் தலையிடி. 2940இன் வெளிப்பக்கம் 50 பின், நெருக்கமான பல். ஸ்கானரில் 25 பின். ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் இதுவும் உள்ள கேபிள் வேண்டும், உங்களிடம் உள்ளது உதவாது.

கொழுவின பிறகு ஸ்கானரை முதலில் ஓன் பண்ணி, பிறகு கொம்பியூட்டரை ஓன் பண்ணுங்கள், ஏனென்றால் கார்ட் தொடங்கும்போதுதான் யார் யார் இருக்கிறார்கள் என்று கூப்பிட்டுப் பார்க்கும். திரையில் அடாப்டெக் பெயர் வரும்போது கொன்ட்ரோல்-ஏ அழுத்தினால் பட்டியல் வரும். அதில் யூமாக்ஸ் பெயர் தெரிந்தால் வயர் வேலை முடிந்தது, இனி வருவதெல்லாம் மென்பொருள் பிழை. தெரியாவிட்டால் ஒவ்வொரு சாமானுக்கும் தனியாக இருக்க வேண்டிய ஐடி எண்ணைப் பாருங்கள் (7 கார்ட்டுக்கு, ஸ்கானருக்கு வேறு ஏதாவது), டெர்மினேட்டரைப் பாருங்கள். வயரின் இரண்டு அந்தத்திலும் டெர்மினேஷன் இருக்க வேண்டும், ஒரு பக்கம் கார்ட் பார்த்துக்கொள்ளும், மறுபக்கம் ஸ்கானர். ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றிக் கொழுவ இது யூஎஸ்பி இல்லை.

மல்லாவிப் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. லேபிளில் 100-240 என்று இருக்கிறது, லொக்கும் அடியில் இருந்தது, கழற்றிவிட்டேன். ஓன் பண்ண விளக்கு எரிந்து ஒருதரம் ஓடி வந்து நிற்கிறது. மூலைப் பெட்டி ஜி31தான், இரண்டு பிசிஐ சொக்கெட் இருக்கு. கார்ட்டும் கேபிளும்தான் இல்லை.

வவுனியா வயர்க்காரன்:

2940 ஒன்று என்னிடம் கிடக்கிறது, பழைய சேர்வர் ஒன்றில் கழற்றினது. 50க்கு 25 கேபிளும் பெட்டிக்குள் எங்கேயோ இருக்க வேண்டும், தேடிப்பார்த்துச் சொல்கிறேன். கிடைத்தால் இரண்டையும் மல்லாவி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், கொண்டக்டருக்குக் காசை அங்கே நீங்கள் கொடுங்கள். கார்ட்டுக்குக் காசு வேண்டாம், ஓடினால் பிறகு பார்ப்போம்.

பிசிஐ பிரியன்:

லினக்சில் ரூட்டாக (எல்லா அனுமதியும் உள்ள யூசராக) ஓடும்போது ஸ்கானரைக் காட்டி, சாதாரண யூசரில் காட்டாவிட்டால் பயப்பட வேண்டாம், அது அனுமதிப் பிரச்சினை. உங்கள் யூசரை ஸ்கானர் குழுவில் சேர்த்துவிட்டு லொக் அவுட் பண்ணித் திரும்ப வாருங்கள். அதற்குப் பிறகும் காட்டாவிட்டால் திரையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.