புதுப்பிப்பு: விக்டோரியா பூங்காவில் பார்த்த அந்தச் செந்தொண்டைக் குருவி

போன கிழமை நுவரெலியா விக்டோரியா பூங்காவில் செம்மஞ்சள் தொண்டையோடு ஒரு சின்னக் குருவி என்று மங்கலான படம் போட்டிருந்தேன், என்ன பறவை என்று கேட்டு. இப்போது தெளிவான படம் கிடைத்துவிட்டது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஆண் தான்!

செந்தொண்டை ஈப்பிடிப்பானாக இருக்கலாமே என்று சிலர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இதற்குத் தொண்டையிலிருந்து நெஞ்சுவரை நல்ல செம்மை, அதன் இரு ஓரத்திலும் கறுப்புக் கரை. மற்றதற்கு அந்தக் கரை இல்லை. வாலை விசுக் விசுக்கென்று தூக்குவது இரண்டுக்கும் பொது, அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். காஷ்மீர்ப் பக்கத்து இமயமலைக் காடுகளில் கூடு கட்டிவிட்டு, குளிருக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நம் மலையகத்துக்கும் வருகிற பறவை இது. மார்ச் வரை பார்க்கலாம்.

அப்புறம், தம்பி தங்கச்சிமாரே, போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடாதீர்கள், பாவம், இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். விடிந்ததும் போங்கள், பெரிய மரங்களின் தாழ்ந்த கிளைகளைப் பாருங்கள். பெண் பறவையை யாராவது கண்டால் படத்தை இங்கே போடுங்கள்.