பால்குடி மறந்த பன்றிக்குட்டிகள் திடீரென இறக்கின்றன: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். தாயிடமிருந்து பிரித்த ஓரிரு வாரத்தில் குட்டிகள் சாகின்றன. நோஞ்சான் குட்டி போனால் மனம் ஆறும்; இங்கே கொழுகொழுவென்று வளர்ந்தவைதான் முதலில் போகின்றன. இமை வீங்குகிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது, கத்தும் குரல் கம்முகிறது. விடிந்து பார்த்தால் உயிர் இல்லை. காய்ச்சலும் இல்லை.

ஈ.கோலை கிருமியின் நச்சால் வரும் வீக்க நோய் என்று சந்தேகிக்கிறேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்றால் வயது பாராமல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருக்கும்; அதற்கு மருந்தும் கிடையாது. ஆனாலும் அந்தப் பயத்தில் விற்பனையை நிறுத்தி, வெளியாட்களையும் உள்ளே விடாமல் இருக்கிறேன். இறந்த குட்டியின் குடல் மாதிரி ஆய்வகத்தில் இருக்கிறது.

முடிவு வரும்வரை என்ன செய்யலாம்? தீவனத்தில் புரதத்தைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டியவர்களுக்குப் பலன் தெரிந்ததா? பால்குடி மறக்கும் முன்பே இந்த நச்சுக்கு எதிரான தடுப்பூசி போட்டவர்கள் உண்டா? தீவனத்தில் மருந்தாகக் கலக்கும் துத்தநாக ஆக்சைடை மட்டும் சொல்லாதீர்கள். மண்ணில் சேர்ந்து கெடுக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் மருந்து அளவில் அதை 2022இல் தடை செய்துவிட்டது. "கையில் கிடைத்த ஆன்டிபயாடிக்கைக் கொடு" என்ற யோசனையும் வேண்டாம், ஏற்கெனவே நிறையக் கேட்டாயிற்று.