ஆய்வரங்கக் கோவை, திறந்த அணுக்கம், எடுத்தாளுரிமை: மூன்று சொற்கள் பற்றி

வணக்கம்.

கிளிநொச்சியில் நாம் நடத்திய வேளாண்மை ஆய்வரங்கின் கட்டுரைகள் இணையத்தில் ஏற்றுவதற்கு ஆயத்தமாக இருந்தும், முகப்புப் பக்கத்துக்கான ஒரு வாக்கியம் அமையாமல் இரண்டு கிழமைகளாகக் காத்திருக்கின்றன. எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம், தரவிறக்கலாம், படியெடுக்கலாம், ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டுத் தமது வெளியீட்டிலும் சேர்க்கலாம் என்பதை அவ்வாக்கியம் சொல்ல வேண்டும். அதற்காக நம்மிடையே முன்வைக்கப்பட்ட சொற்களைப் பற்றிய என் கருத்தை எழுதுகிறேன்.

முதலில், ஆங்கிலத்தில் 'proceedings' எனப்படும் கட்டுரைத் தொகுப்பின் பெயர். 'மாநாட்டு நடவடிக்கைகள்' என்றால் நீதிமன்றமும் ஒழுக்காற்று விசாரணையும்தான் நினைவுக்கு வருகின்றன. 'மலர்' வாழ்த்துச் செய்திகளுக்கு உரியது. 'ஆய்வரங்கக் கோவை' பொருத்தமானது. அலுவலகத்தில் கடிதங்களைக் கோத்து வைப்பதும் கோவைதானே என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் தண்டனைச் சட்டக்கோவையையோ அரச ஊழியர் விதிகளான தாபனக்கோவையையோ எவரும் அவ்வாறு மயங்குவதில்லை. இதில் மேலும் நேரம் செலவிட வேண்டியதில்லை.

கடினமானது அடுத்த சொல்: ஆய்வுகளை எவரும் இணையத்தில் தடையின்றிப் பெற்றுப் பயன்படுத்த விடும் 'open access' முறைக்கான தமிழ்ப் பெயர். 'கட்டற்ற அணுக்கம்' என்ற முன்மொழிவுக்கு வலுவான பின்னணி உண்டு. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்று அழைத்து அந்த அடைமொழியைத் தமிழில் ஊன்றச் செய்திருக்கிறது. ஆனால் எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் குளங்களின் கீழ் வாழ்பவர்கள். அவர்களுக்குக் கட்டு என்பது தளையன்று. நீரைத் தேக்கித் தரும் குளக்கட்டு, பிள்ளைகள் விழாமல் காக்கும் கிணற்றுக்கட்டு. மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக் குளம் அச்சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. கட்டில்லாத கிணறு அபாயம். கட்டு உடைந்த குளத்தை நம்பி எவரும் விதைப்பதில்லை. இது செவிக்குரிய குறை மட்டுமன்று, பொருளிலும் பிழை. 'Open access' என்ற கருத்தை வரையறுத்த 2002ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் பிரகடனம், எல்லாத் தடைகளையும் நீக்கிய பின்னும், படைப்பு சிதைக்கப்படாமல் இருக்கவும் தம் பெயர் முறையாகக் குறிப்பிடப்படவும் ஆசிரியருக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே ஒரு கட்டு இருக்கவே செய்கிறது, அது இருக்கவும் வேண்டும்.

'திறந்த பெறுகை' அழகாக இருந்தாலும், இலங்கையில் 'பெறுகை' அரச கொள்வனவின் கேள்விப்பத்திரங்களோடும் பெறுகைக் குழுக்களோடும் பிரிக்க முடியாதபடி பிணைந்துவிட்டது. 'திறப்பு அணுகல்' என்றால் இங்கே சாவியை நினைப்பார்கள். எஞ்சுவது 'திறந்த அணுக்கம்'. அணுக்கம் நெருக்கத்தைத்தான் குறிக்கிறது, கையில் கிடைப்பதைக் குறிக்கவில்லை என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் 'திறந்த அணுக்க இதழ்', 'திறந்த அணுக்கக் களஞ்சியம்' என்று தொடர்களில் இடறாமல் நிற்கிறது; ஏற்றுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஒரு சொல்லோடு நாம் நின்றுவிடக் கூடாது என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. நெல்லைத் தாக்கும் அறக்கொட்டியான் பூச்சியைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து ஓர் அட்டவணையை எடுத்துத் துண்டுப்பிரசுரமாக அச்சிட, ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயப் போதனாசிரியர் ஒருவர் என்னிடம் வழி கேட்டார். அந்தத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. முகப்பிலும் திறந்த வெளியீடு என்றே எழுதியிருந்தது. உட்பக்கத்திலோ எல்லா உரிமைகளும் பதிப்பாளருக்கே உரியன என்றிருந்தது. அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் கதிர் முற்றி அறுவடையும் முடிந்துவிட்டது. வாசிக்க முடிந்த ஒன்றை வயலுக்குக் கொண்டுபோக முடியாத அந்த நிலையை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

விலையில்லாமல் வாசிக்கக் கிடைப்பது வேறு, பயன்படுத்த உரிமை கிடைப்பது வேறு என்ற இவ்வேறுபாட்டுக்குத் திறந்த அணுக்கத்தின் முன்னோடிகளான பீட்டர் சூபரும் ஸ்டீவன் ஹார்னட்டும் 2008இல் ஆங்கிலத்தில் 'gratis', 'libre' என்ற இரு தனிச் சொற்களை முன்வைத்தார்கள். தமிழில் முதலாவதை 'இலவச வாசிப்பு' என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு 'எடுத்தாளுரிமை' என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஒருவர் எழுதியதை அவர் பெயர் சொல்லித் தன் எழுத்தில் பயன்படுத்துவதை எடுத்தாளுதல் என்றே நம் ஆய்வுலகம் வழங்கி வருகிறது. பெயர் சொல்லும் கடமையும் பயன்படுத்தும் சுதந்திரமும் அந்த ஒரே வினைக்குள் அடங்கியிருக்கின்றன. 'வாழுரிமை' அமைந்த வழியிலேயே இச்சொல்லும் அமைகிறது. மேற்கோள் காட்டுவதோடு நின்றுவிடுமோ என்று ஒருவர் ஐயுறலாம். முழுக் கட்டுரையையும் படியெடுப்பது, மொழிபெயர்ப்பது, அட்டவணையைத் திருத்தி அமைப்பது ஆகியனவும் அடங்கும் என்று உரிமக் குறிப்பில் ஒருமுறை எழுதினால் போதும். படைப்பைப் பிறர் பயன்படுத்த ஆசிரியர் முன்கூட்டியே அனுமதி வழங்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் பொது உரிமங்களில் பெயர் குறிப்பிடுதலை மட்டும் கோரும் வகை இதற்கு நேராகப் பொருந்துகிறது.

அவ்வாறாயின் முகப்பு வாக்கியம் இவ்வாறு அமையும்: 'இவ்வாய்வரங்கக் கோவை திறந்த அணுக்கத்தில், முழு எடுத்தாளுரிமையுடன் வெளியிடப்படுகிறது.'

வணிகப் பயன்பாட்டை விலக்கும் உரிமத்தைச் சில கட்டுரையாளர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு கூட்டுறவுச் சங்கம் அச்சுச் செலவுக்காகக் கையேட்டை விலைக்கு விற்றால் அதுவும் வணிகமாகக் கொள்ளப்படலாம் என்பதால், அவர்கள் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். அவர்கள் இணங்காவிட்டால் 'முழு' என்பதை நீக்கி, அக்கட்டுரைகளில் மட்டும் 'வணிகம் நீங்கிய எடுத்தாளுரிமை' என்று குறிக்கலாமா? 'நீங்கிய' என்பதைவிட இறுக்கமான அடைமொழி தோன்றினால் அறியத் தாருங்கள்.