மூலைமட்டம் பாத்த பையன்: கிளாஸ்ல உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

நான் ஒம்பதாம் கிளாஸுக்கு மேத்ஸ் எடுக்கறேன். கடைசி பெஞ்ச்ல ஒரு பையன், போர்டுக்குக் கூப்பிட்டா சாக்பீஸைக் கையில வச்சிக்கிட்டு தரையப் பாத்துட்டு நிப்பான். பித்தாகரஸ் தேற்றம் நாலு தடவ நடத்திட்டேன், கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிர்ல இருக்கற பக்கம், எதுன்னு கேட்டாக்கூட வாயத் திறக்க மாட்டான். இவனுக்கு கணக்கு வராதுன்னு நானே முடிவு கட்டி வச்சிருந்தேன், அது இன்னிக்கும் உறுத்துது.

ஸ்போர்ட்ஸ் டேக்காக கிரவுண்ட்ல கோர்ட்டுக்கு கோடு போட்டுட்டு இருந்தோம், எப்படிப் போட்டாலும் ஒரு பக்கம் கோணலாவே போகுது. இவன் வந்து "மூலைமட்டம் பாக்காம போட்டா இழுத்துட்டுதான் சார் போகும்"னான். மூலை சரியா செங்கோணமா இருக்கான்னு பாக்கறதத்தான் அப்படி சொல்றான். மூலையில ஒரு ஆணி அடிச்சு நூலக் கட்டி, ஒரு பக்கம் மூணடி இன்னொரு பக்கம் நாலடி அளந்து குறி வச்சு, ரெண்டு குறிக்கும் குறுக்கால டேப்பப் புடிச்சான். அஞ்சடிக்கு மேல ஒரு இஞ்ச் வந்துச்சு. நூல லேசா உள்ள தள்ளி மறுபடி அளந்துட்டு "அஞ்சு வந்துருச்சு சார், இப்ப மட்டம்"னான். அப்பா கொத்தனாராம், லீவ் நாள்ல கூடவே வேலைக்குப் போவானாம். "எடம் இருந்தா ஆறு எட்டு பத்து வைக்கணும் சார், அதுதான் சுத்தமா நிக்கும்"னு வேற சொன்னான். உண்மைதான், முக்கோணம் பெருசானா அதே அரை இஞ்ச் பிசகு மூலைய கம்மியாதான் கெடுக்கும்.

மூணோட வர்க்கம் 9ம் நாலோட வர்க்கம் 16ம் சேந்தா அஞ்சோட வர்க்கம் 25. இதத்தான் நான் மாசக்கணக்கா போர்டுல எழுதிட்டு இருந்தேன், அவன் கையில ஏற்கனவே இருந்திருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்னு அவனுக்கு யாரும் சொல்லல.

மறுநாள் மொத்த கிளாஸையும் வெளிய கூட்டிட்டுப் போய் அவனையே செஞ்சு காட்டச் சொன்னேன். ஆனா நூலோட நிறுத்தல, அஞ்சும் ஏழும் வச்சா குறுக்கால எவ்வளவு வரும்னு கேட்டேன், 74 வரைக்கும் போட்டுட்டு "முழுசா வரலையே சார்"னு நின்னான், அங்கேருந்து வர்க்கமூலம், அப்புறம் நிரூபணம்னு போனோம். வீட்டுல தெரிஞ்சதுலேருந்து ஆரம்பிக்கறதுன்னா பாடத்தக் குறைக்கறதுன்னு சிலர் நினைக்கறாங்க, எனக்கு நடந்தது அதுக்கு நேர் எதிர்.

-----

சார் படிக்கும்போது பிரேசில்ல ரெசிஃபே நகரத்துல செஞ்ச ஆய்வு ஞாபகம் வந்துச்சு, நான் பி.எட் படிக்கும்போது இதப் படிச்சுட்டு ரெண்டு நாள் இதே நினைப்பா இருந்தேன். 1985ல வந்தது, தெருவுல வியாபாரம் பண்ற 9லேருந்து 15 வயசு வரைக்கும் அஞ்சு பசங்க. வியாபாரத்துக்கு நடுவுல வாய்க்கணக்கா கேட்டப்போ 98 சதவீதம் சரி, அதே கணக்க பேப்பர்ல வெறும் எண்ணா குடுத்தப்போ 37 சதவீதம்தான். ஒரு பையன் 35 வீதம் நாலு தேங்காய்க்கு 140ன்னு வாயாலயே போட்டு சொல்லியிருக்கான், பேப்பர்ல 35 பெருக்கல் 4க்கு 200ன்னு எழுதியிருக்கான். நாலஞ்சு இருபது, மீதி ரெண்டையும் மூணையும் முதல்லயே கூட்டி அஞ்சாக்கி அப்புறம் நாலால பெருக்கிட்டான். பையன் அதே பையன், கேட்ட விதம்தான் வேற.

-----

நான் டீச்சர் இல்ல, ஒரு அம்மா. இதுல இன்னொரு பக்கமும் இருக்குங்க. எங்க வீட்டு மொழி பேசற ஒரே பிள்ளை என் பொண்ணுதான் அந்த கிளாஸ்ல. ஒரு மிஸ் நல்ல எண்ணத்துலதான் அவள எழுப்பி "உங்க மொழில ஏதாச்சும் பேசு"ன்னு சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சுட்டாங்க, அதுக்கப்புறம் ஸ்கூல் கேட்டுக்கு வந்தாலே என்கிட்டகூட மெதுவா பேசுன்னு கெஞ்சுவா. அடுத்த வருஷம் வந்த மிஸ் யாரையும் தனியா எழுப்பல. புது வார்த்தை வந்தா "வீட்டுல இத எப்படி சொல்வீங்க"ன்னு எல்லாரையும் கேட்டு போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதுவாங்களாம், ஒரே மொழி பேசற வீடுகள்லயே மூணு விதமா வந்துச்சாம். மூணாவது வாரம் என் பொண்ணு தானா கையத் தூக்கியிருக்கா.

-----

அம்மா, நீங்க சொன்னத குறிச்சு வச்சிக்கறேன், நானும் அன்னிக்கு அந்தப் பையன்கிட்ட கேக்காமலே முன்னாடி நிக்க வச்சிட்டேன், அவன் சந்தோஷமா செஞ்சான்ங்கறதால தப்பிச்சேன். இப்பல்லாம் முதல்ல தனியா கேட்டுட்டுதான். டெய்லர் வீட்டுப் பொண்ணு ஒருத்தி துணிய நாலா மடிச்சு ஒரே வெட்டுல வட்டம் எடுத்துக் காட்டினா, சமச்சீர் (சிமெட்ரி) பாடத்த அங்கேருந்து ஆரம்பிச்சேன். இயற்கணிதத்துக்குத்தான் இன்னும் இப்படி ஒண்ணும் சிக்கல. யாராவது கிளாஸ்ல செஞ்சு பாத்திருந்தா எழுதுங்க, அடுத்த வாரம் அந்தப் பாடம்தான்.